முதல் வரியில் யார் இருக்கிறார்கள்?

2014 ஒக்டோபர் 30ஆம் திகதி காலை இலங்கையின் ஏறக்குறைய எல்லாப் பத்திரிகைகளுக்கும் ஒரே தலைப்புச் செய்திதான். முதல் நாள் காலை, ஏழரை மணி தாண்டிய நேரம், பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிவிட்டது. சரியாக 50 வருஷத்துக்கு முன்னால், 1964 ஒக்டோபர் 30 அன்று, புதுடெல்லியில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒன்று இயற்கை அனர்த்தம், மற்றது அரசியல் ஒப்பந்தம். ஆனால் ரெண்டையும் ஒரே வரியில் சொல்லச் சொன்னால் யாருக்கும் முதலில் வாயில் வருவது ஒரு எண்தான். இத்தனை லட்சம் பேர் அனுப்பப்படுவார்கள். இத்தனை நூறு பேர் புதைந்தார்கள்.

செய்தியின் முதல் வரியை எப்படி எழுதுவது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். பத்திரிகை அலுவலகங்களில் அதை ‘இன்ட்ரோ’ என்பார்கள், ‘லீட்’ என்றும் சொல்வார்கள். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விக்கும் சுருக்கமாகப் பதில் சொல்ல வேண்டும், முக்கியமானது முதலில் வர வேண்டும் என்பது பாடம். பாடத்தில் பிழை இல்லை. ஆனால் எது முக்கியம், ‘யார்’ என்ற இடத்தில் யாரை வைப்பது என்பதை எந்தப் பாடமும் தீர்த்துவைக்கிறதில்லை. ஊவாத் தோட்டங்களின் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் அந்த ‘யார்’ எப்படி எப்படி நிரப்பப்பட்டது என்று தெரியும். அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறோம்.

முதலில் இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். வழமையாகச் சொல்லப்படும் கதை தந்தியைப் பற்றியது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் (1861-65) தந்திக் கம்பி எப்போது அறுந்துபோகும் என்று யாருக்கும் தெரியாது, சொல்லுக்குக் காசு வேறு. அதனால் நிருபர்கள் தலையான சேதியை முதல் வரியிலேயே அனுப்பப் பழகினார்கள் என்பார்கள். 1865 ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டபோது அசோசியேட்டட் பிரஸ் நிருபர் லோரன்ஸ் கோப்ரைட் அனுப்பிய முதல் தந்தி ஒரே ஒரு சின்ன வாக்கியம்: ஜனாதிபதி தியேட்டரில் சுடப்பட்டார், பிழைப்பது சந்தேகம். அவ்வளவுதான். இந்தத் தந்திக் கதையை ஒத்துக்கொள்ளாத ஆய்வாளர்களும் உண்டு. அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் இந்த வடிவம் உண்மையில் பரவியது என்பது அவர்கள் வாதம். எப்படியோ, 20ஆம் நூற்றாண்டில் அது உலகம் பூராவும் பத்திரிகைச் சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

தமிழுக்கு வரும்போது இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் வினை வாக்கியத்தின் முன்பக்கம் வந்துவிடும். வாலை வெட்டினாலும் சேதி தப்பிவிடும். தமிழில் வினை கடைசியில். அந்த ஆறு கேள்வியையும் ஒரே வாக்கியத்தில் திணித்தால் இப்படித்தான் வரும்: “பதுளை மாவட்டத்தின் அல்துமுல்லை பிரதேச செயலாளர் பிரிவுக்குட்பட்ட கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் நேற்றுக் காலை ஏற்பட்ட பாரிய மண்சரிவு அனர்த்தத்தில் சிக்கி நூற்றுக்கணக்கானோர் காணாமற்போயுள்ளதாக அஞ்சப்படுகிறது.” இது நாங்களே கட்டிய மாதிரி வாக்கியம். ஆனால் நாளும் பேப்பர் வாசிக்கிற யாருக்கும் அந்நியமாகத் தெரியாது. பெரிய கோச்சி மாதிரி பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கும், என்ன நடந்தது என்பது கடைசிப் பெட்டியில் வரும். அந்தக் கடைசிப் பெட்டியையும் பாருங்கள்: ‘அஞ்சப்படுகிறது’. அஞ்சுவது யார்? எழுவாயே இல்லை.

வீட்டில் யாரும் இப்படிச் சேதி சொல்லமாட்டார்கள். “மல சரிஞ்சிருச்சு. மூனாவது லயம் பூரா போயிருச்சு. நம்ம பெரியம்மாவக் காணோம்.” மூன்று குட்டி வாக்கியம், ஒவ்வொன்றிலும் ஒரு வினை, மூன்றாவதில் ஒரு உறவு. தமிழில் நல்ல முகப்பு எழுதுவதற்கான இலக்கணம் எங்கள் இஸ்தோப்புகளிலேயே இருக்கிறது என்றுதான் நினைக்கிறோம். அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அலுவலகத் தமிழுக்குள் போகிறோம்.

சரி, தோட்டத்துச் செய்தி வெளியே வந்தது எப்படி? நெடுங்காலம் வரவே இல்லை என்பதுதான் பதில். தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் உள்ளே போனால் அத்துமீறல் குற்றம். ஒரு சாவு, ஒரு அடிதடி, ஒரு வேலைநிறுத்தம், எதுவானாலும் துரை சொன்னது, பொலிஸ் சொன்னது, இந்த ரெண்டு வழியில்தான் சேதி கொழும்புக்குப் போக முடியும். முதல் வரியில் அவர்கள் குரலே இருந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இதை உடைக்கப் பார்த்த முதல் ஆட்களில் ஒருவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். தோட்டத்துக்குள் போவதற்கு அவர் புடைவை வியாபாரி வேஷம் கட்டினார் என்பது மலையகத்தில் பலரும் அறிந்த கதை. 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ என்று பத்திரிகை நடத்தினார். பிறகு 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தொழிற்சங்கமே கட்டினார், அரசாங்க சபைக்கும் போனார். அவருடைய அரசியலில் எங்களுக்கு எல்லாமே உடன்பாடு என்று இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். செய்தியை எழுத முதலில் லயத்து வாசலில் போய் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. துணி மூட்டை தோளில் இருந்ததால் அவருக்குக் கிடைத்த ‘யார்’ வேறாக இருந்தது.

இனிப் பதுளைக்கு வருவோம். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் பொலிஸ் சுட்டு, கோவிந்தன் என்ற தொழிலாளி செத்துப்போனார். அங்கே தொடங்கிய வேலைநிறுத்த அலை தெற்கே இறங்கி ஊவாவுக்கு வந்தது. லங்கா சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா மே 12ஆம் திகதி பதுளையில் பெரிய கூட்டத்தில் பேசினார். பதுளைக்குப் பக்கத்து வேவெஸ்ஸ தோட்டத்தில் அதற்கும் மேலே ஒன்று நடந்தது. தொழிலாளர்களே வாக்குப்போட்டு ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையோடு கலந்து பேசித்தான் நடப்பேன் என்று துரை ஒத்துக்கொண்டார். ‘சட்டமும் ஒழுங்கும்’ நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்தார்கள்.

கடைசி மூன்று வாக்கியத்தில் ரெண்டின் எழுவாயைப் பாருங்கள். தொழிலாளர்கள் தெரிவு செய்தார்கள். தொழிலாளர்கள் பறித்தார்கள். தோட்ட மக்கள் செய்வினையில், தங்கள் பெயரில், வாக்கியத்தின் முன்னால் நிற்கிற சம்பவம் நம் வரலாற்றில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் விரல் போதும். இதே சம்பவத்தை வேறு மாதிரியும் எழுதலாம், நாங்கள் எழுதிப் பார்த்தோம்: “பதுளைத் தோட்டமொன்றில் கலகம், பொலிசார் மீது தாக்குதல்.” தகவல் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் சபை காணாமல் போய்விட்டது. வாக்குப்போட்டது காணாமல் போய்விட்டது. முதல் வரியில் இல்லாதது அடுத்த பந்தியில் வந்தாலும் வாசிக்கிறவர் மனதில் அது ஏற்கெனவே ‘கலகம்’ ஆகிவிட்டது.

அந்த அலையைப் பொலிஸ் அடக்குமுறை முறித்தது. மழையும் கூட்டுச் சேர்ந்துகொண்டது. வெள்ளத்தில் ஊவா ஒரு வாரத்துக்கும் மேலே மற்றப் பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. ஜூன் மாதம் சமசமாஜத் தலைவர்கள் கைதானார்கள். முல்லோயா கோவிந்தன் பேராவது தப்பியது. வேவெஸ்ஸ சபையில் யார் யார் இருந்தார்கள் என்று பதுளையில் படித்த எங்களுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. பாடசாலை வரலாற்றில் அந்தத் தோட்டத்தின் பேரே இல்லை. பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகையை மட்டும் பார்த்திருக்கிறோம்.

‘பேர்’ என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. தோட்டத்தில் அதற்குத் தனி அர்த்தம் இருக்கிறது. “இன்னைக்குப் பேர் போட்டாச்சா?” என்றால் அன்றைய வேலை நாள் செக்ரோலில் பதிந்துவிட்டதா என்று அர்த்தம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். உலகத்தில் வேறெங்கும் ஒரு ஆளின் பெயரைப் பாதியாக வெட்ட முடியுமா தெரியாது, எங்கள் ஊரில் முடியும். ஆக, ‘பேர்’ என்பதே எண்ணாக மாறிப்போன ஒரு சமூகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். பத்திரிகை முதல் வரியில் எண் வந்து உட்காருவதற்கு முன்பே செக்ரோலில் அது உட்கார்ந்துவிட்டது.

1964க்கு வருவோம். இதில் நீட்ட அதிகம் இல்லை, எண்களே சொல்லிவிடும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அப்படி ஆனவர்கள் 1964இல் 975,000 பேர் என்று கணக்கு வைத்தார்கள். 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் பிறகு பார்த்தார்கள்: ஆளுக்குப் பாதி, 75,000, 75,000. சந்தையில் மரக்கறி பிரிப்பது போல என்று எழுத வந்தது. ஆனால் சந்தையில்கூட சாமானை ஒரு தரம் கையில் எடுத்துப் பார்ப்பார்கள்.

இந்தச் செய்திக்கு அன்று முதல் வரி எழுதியவர் எவராக இருந்தாலும் ‘யார்’ என்ற கேள்விக்கு இரண்டு பிரதமர்களைத்தான் வைத்திருக்க முடியும். கையெழுத்துப் போட்டது அவர்கள்தானே. செய்திக் கலையின்படி நூற்றுக்கு நூறு சரி. அந்தச் சரிதான் எங்களை உறுத்துகிறது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை லயங்களில் ஒரே காம்பராவுக்குள் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று பிரிந்தது. கோச்சியில் ஏறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறியது. அதெல்லாம் எந்த ஒரு தனி நாளிலும் ‘நடந்த’ செய்தி இல்லை. பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. ‘நேற்று’ என்ற சொல்லோடு தொடங்குகிற வாக்கியத்துக்குள் அது அடங்காது.

அந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பியவை பத்திரிகைகளின் மலையகப் பக்கங்கள். 60களில் வீரகேசரியில் எஸ். எம். கார்மேகம் நடத்திய ‘தோட்ட மஞ்சரி’யை மூத்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். இன்னொரு பக்கம் கதைகள். ஊவாக் கட்டவளையில் பிறந்த தெளிவத்தை ஜோசப், தோட்டத்தின் பேரையே தன் பேருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர். செய்தி விட்டுவிட்ட ஆட்கள் அவர் சிறுகதைகளில்தான் பேரோடு நடமாடுகிறார்கள். செய்திக்காரர் செய்யாததைக் கதைக்காரர் செய்ய வேண்டி வந்தது என்பது இலக்கியத்துக்கு நல்லது. செய்திக்கு நல்லதா?

மீரியபெத்தைக்குத் திரும்புவோம். முதல் நாள் செய்தியில் எண் ஏறிக்கொண்டே போனது. நூறுக்கு மேல் இறந்திருக்கலாம் என்று அமைச்சர் மட்டத்திலேயே சொன்னார்கள். காணாமற்போனவர்கள் முந்நூறு, இருநூறு என்று மாறி மாறி வந்தது. உலகச் செய்தி நிறுவனங்களும் அதையே எடுத்துப் போட்டன. பிறகு ஆட்களைத் தேடித் தேடிக் கணக்கெடுத்தபோது எண் மளமளவென்று இறங்கியது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்தார்கள். சிலர் வேலைக்குப் போயிருந்தார்கள். மலையகத்தில் எந்த லயத்திலும் பதிவில் இருக்கிற ஆட்களில் கொஞ்சப் பேர் கொழும்பில் கடையிலோ வீட்டு வேலையிலோதான் இருப்பார்கள். இறந்தவர், காணாமற்போனவர் எல்லாரையும் சேர்த்து முடிவான தொகை நாற்பதைத் தாண்டவில்லை.

நாற்பதுக்குள் என்பது சின்ன எண் இல்லை. ஏழு மணிக்கு இருந்த லயங்கள் எட்டு மணிக்கு இல்லை. ஆனால் முதல் வரியை ‘நூற்றுக்கணக்கானோர்’ என்று தொடங்கிவிட்டபடியால் எண் இறங்க இறங்கச் செய்தியும் உட்பக்கத்துக்கு இறங்கியது. எண்ணை நம்பித் தொடங்கிய செய்திக்கு எண் குறைந்ததும் உயிர் போய்விட்டது. இதுதான் எங்கள் முக்கியமான புகார். அவசரத்தில் எண் பிழைப்பது எங்கும் நடக்கும், அதற்கு எந்த நிருபரையும் தூக்கில் போட வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணை விட்டால் சொல்ல வேறெதுவும் முதல் வரியில் இல்லை என்பது பிழைத்த எண்ணைவிட மோசம்.

வேறென்ன இருந்தது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. செய்திகளில் இது வராமல் இல்லை, வந்தது. பெரும்பாலும் ஐந்தாம் ஆறாம் பந்தியில், ‘இதேவேளை’ என்ற சொல்லுக்குப் பிறகு. அதற்குப் பதிலாக வந்த விளக்கமும் கூடவே வந்தது: எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை. எங்கே போவது? லயம் அவர்கள் பேரில் இல்லை. நிலம் அவர்கள் பேரில் இல்லை. பக்கத்து மேட்டில் ஒரு கொட்டில் போடவும் தோட்ட நிர்வாகம் கையெழுத்து வைக்க வேண்டும். ‘போகவில்லை’ என்ற ஒற்றை வினைக்குள் 150 வருஷம் புதைந்து கிடக்கிறது.

இந்தக் கட்டுரைக்காக எங்கள் வட்டத்தில் ஆளுக்கொரு முதல் வரி எழுதிப் பார்த்தோம், 30ஆம் திகதிப் பேப்பருக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டு. ஒருத்தி எழுதினாள்: “இந்த மலை சரியும் என்று அரசாங்கத்துக்கு 2005இலேயே தெரியும்.” கேட்க நன்றாக இருந்தது. ஆனால் செத்தவர்கள் அதில் இல்லை, குற்றப்பத்திரிகை மட்டும் இருக்கிறது என்று இன்னொருத்தர் சொன்னார். மற்றவர் எழுதியது: “காலையில் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது மீரியபெத்தையில் லயம் இருக்கவில்லை.” இது மனசைப் பிசைகிறது, அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. பத்திரிகைகள் அனர்த்தம் நடந்தால் அழுகிற பிள்ளையின் படத்தைத் தேடுகிற மாதிரிதான் இதுவும். அரை மணி நேரம் சண்டை பிடித்து மிஞ்சியது இது: “ஆபத்து என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அடையாளம் காணப்பட்ட மீரியபெத்தை லயங்களில் இருந்தவர்களுக்கு வேறு வீடு கொடுக்கப்படவில்லை. நேற்றுக் காலை மலை அவர்கள் மேல் விழுந்தது.” இரண்டு வாக்கியம். எண் இல்லை, முதல் நாளில் சரியான எண் யாரிடமும் இருக்கவும் இல்லை. கொடுக்காதவர் யார் என்பது இன்னும் செயப்பாட்டு வினைக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறது என்பதும் தெரிகிறது. அரசா, கம்பனியா, ரெண்டும் சேர்ந்தா என்பதை ஒரு இரவுக்குள் உறுதிசெய்ய முடியாது. உறுதி இல்லாமல் பேர் போடுவதும் சரியில்லை. ஆனபடியால் அது அப்படியே நிற்கிறது. இதைவிட நல்லதை வாசிக்கிற நீங்கள் எழுதினால் அனுப்புங்கள்.

இன்னொன்றும் அந்தச் சண்டையில் வந்தது. தப்பியவர்கள் அதன்பிறகு எங்கே இருந்தார்கள் என்பதற்கு முதல் வரி எப்படி எழுதுவது? பூனாகலைப் பக்கம் ஒரு பழைய தேயிலை ஸ்டோருக்குள், சீலையாலும் பலகையாலும் மறைப்புக் கட்டி, மாதக்கணக்கில் அல்ல, வருஷக்கணக்கில். ‘நேற்று’ ஒன்றும் நடக்கவில்லை, ‘இன்று’ம் நடக்கவில்லை. நடக்காமல் இருப்பதுதான் செய்தி. ஆனால் அதற்கு வாக்கியம் கிடைப்பதில்லை. ஆண்டு நிறைவு வந்தால் ஒரு படம், ஒரு அறிக்கை. 2016இல் மக்கல்தெனியவில் 75 வீடு கையளித்தபோது மறுபடி முதல் வரி கிடைத்தது, அதில் ‘யார்’ என்ற இடத்தில் வீட்டுக்குப் போனவர்கள் இல்லை, திறந்து வைத்தவர்கள் இருந்தார்கள். நாடா வெட்டுகிறவர் எழுவாய் ஆவது எங்கள் நாட்டில் எழுதாத சட்டம்.

2023 மார்ச் 19ஆம் திகதி அதே பூனாகலையில், கபரகலைத் தோட்டத்தில், மறுபடி மண் சரிந்தது. இந்தத் தடவை வீடுகள் போயின, ஆட்கள் கும்பலாகப் புதையவில்லை. எண் சின்னதாக இருந்தபடியால் செய்தியும் சின்னதாகவே வந்தது. இடம்பெயர்ந்தவர்கள் முகாமுக்குப் போனார்கள். மீரியபெத்தையிலிருந்து அங்கே அதிக தூரம் இல்லை. அங்கே இருந்த லயங்களை யார், எந்த வருஷம் ஆபத்து என்று குறித்தார்கள், அந்தக் கடிதம் யார் மேசையில் கிடந்தது என்று கேட்டு எழுதப்பட்ட முதல் வரி ஒன்றை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.